கரடிக்காது

உங்கள் அலுவலக வாசலில் நிற்கிற வில்லோ மரத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு கட்டி இருக்கிறது. உள்ளே வரும்போதே பார்த்தேன். பயப்பட ஒன்றுமில்லை, அதிகாரி தம்பி. எப்போதோ யாரோ துணி காயப்போடக் கம்பி கட்டியிருக்கிறார்கள், கழற்ற மறந்துவிட்டார்கள். மரம் அந்தக் கம்பியை விழுங்கி, மேலே தோல் போர்த்திக்கொண்டுவிட்டது. உங்கள் பேரன் காலத்திலும் நிற்கும். தைரியமாக அதன் நிழலில் காரை நிறுத்துங்கள்.

தேநீர் கொடுத்ததற்கு நன்றி. பாதிக் கிண்ணம்தான் ஊற்றியிருக்கிறீர்கள், நல்ல வளர்ப்பு. இப்போதெல்லாம் சின்னப் பையன்கள் வந்தவருக்குக் கிண்ணம் வழிய ஊற்றிவிடுகிறார்கள். குடித்துவிட்டுக் கிளம்பு என்று அதற்கு அர்த்தம் என்பதுகூட அவர்களுக்குத் தெரிவதில்லை.

நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை. சோலிஜான் இறந்தது பற்றி நீங்கள் எழுதி வைத்திருக்கும் அறிக்கையில் ஒரு வாக்கியம் தப்பாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வழியெல்லாம் ஆப்ரிகாட் காய்த்துக் கிடக்கிறது. இந்த வருஷம் நல்ல வருஷம்.

பெயர் நார்மத். தொழில் தெரிந்தவன் என்ற மரியாதையில் தெருவில் உஸ்தா என்பார்கள். கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் அதன் பழத்தோட்டத்தில் கிளை கழிப்பதும் ஒட்டுக் கட்டுவதும் என் வேலை. பண்ணை போயிற்று, தோட்டம் பருத்தி வயலாயிற்று. ஆனால் வீட்டுக்கு வீடு முற்றத்தில் மரம் இருக்கிறதே. மரம் என்று இருந்தால் அதில் ஏதாவது முளைக்கும். கட்டி, கொப்புளம், காளான், பின்னல், பிசின், பை. முளைத்ததும் வீட்டுக்காரர்கள் பயந்துவிடுவார்கள். உடனே என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு வீட்டில் எல்ம் மரத்து இலைகளெல்லாம் பை பையாக வீங்கிவிட்டன. புது மருமகளின் கண் பட்டுத்தான் இப்படி ஆயிற்று என்று மாமியார் தெருவையே கூட்டிவிட்டாள். நான் போய் ஒரு பையைப் பிய்த்து, உள்ளே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த பூச்சிகளை மாமியாரின் உள்ளங்கையில் கொட்டினேன். கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடினாள். அந்த மருமகள் இன்றைக்கும் என்னைக் கண்டால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சலாம் சொல்வாள்.

இன்னொரு வீட்டில் மரத்தின் இடுப்பிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தது. புனிதத் தண்ணீர் என்று பெண்கள் பாட்டிலில் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே ஊறிப் புளித்த தண்ணீர், மரத்துக்கு வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான் என்று சொன்னேன். வரிசையில் நின்ற ஒரு பெரியம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"உஸ்தா, நான் மூணு நாளா குடிக்கிறேனே."

"முட்டி வலி போச்சா?"

"போச்சு."

"அப்பக் குடிங்க. ஆனா குடிக்கும்போது மூக்கப் பிடிச்சுக்கங்க."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒரு முறை உண்டு. மரத்தைப் பார்த்ததும் பெயர் சொல்லமாட்டேன். சுற்றி வருவேன், முகர்வேன், கத்திப்பிடியால் தட்டிப் பார்ப்பேன். பிறகு உட்கார்ந்து ஒரு கிண்ணம் தேநீர். வீட்டில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் சொல்வேன். வீடு எல்லோருக்கும் இருக்கிறது, பிள்ளைகள் எல்லோருக்கும் இருக்கிறார்கள். 'உஸ்தாவக் கேட்டுட்டியா?' என்று தெருவில் பேசிக்கொள்வார்களே, அந்த வார்த்தை எனக்கு மட்டும்தான் இருந்தது. அதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

ஹிக்மத் ரஷ்யாவில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பிவந்து எங்கள் பக்கத்து வீட்டை வாங்கினான். நல்ல பையன். இதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். வந்த அன்றே பிலாவ் சமைத்து முதல் தட்டை என் வீட்டுக்கு அனுப்பினான். என் சுவர் சாய்ந்தபோது கேட்காமலேயே வந்து கட்டிக்கொடுத்தான். அவனிடம் ஒரு போன் இருந்தது. எதைப் படம் பிடித்தாலும் அதன் பெயரைச் சொல்லுமாம். பூ, பூச்சி, காளான், எது வேண்டுமானாலும்.

எங்கள் தெருவில் வியாழக்கிழமைதோறும் ஆண்கள் கூடுவோம். வாரம் ஒரு வீடு. பிலாவ், முலாம்பழம், தேநீர், ஊர் வம்பு. ஒரு தடவை சோலிஜான் வீட்டில். சோலிஜானும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான், ஓய்வு பெற்று வீட்டில் இருந்தான். பருத்த உடம்பு. அவன் சிரித்தால் கட்டில் ஆடும். அவன் வீட்டுச் செர்ரி மரத்தில் ஒரு கிளை மட்டும் துடைப்பம் மாதிரி அடர்ந்து பின்னிக் கிடந்தது. பனி கடித்ததால் வந்த பின்னல், விட்டுவிடு என்று நான் பல வருஷம் முன்பே சொல்லியிருந்தேன். விட்டிருந்தான்.

ஹிக்மத் அதைப் படம் பிடித்தான். கண் மூடித் திறப்பதற்குள் போன் பதில் சொல்லிவிட்டது. காளான் நோய், வெட்டி எரிக்காவிட்டால் மரம் முழுக்கப் பரவும் என்றது. அவன் அதை உரக்கப் படித்த பிறகுதான் என்னைப் பார்த்தான். பாவம், காது வரை சிவந்துவிட்டான்.

"மன்னிச்சுக்கங்க உஸ்தா. போன் ஏதோ உளறுது."

சோலிஜான் விடுவானா. தொடையில் தட்டிக்கொண்டு சொன்னான்.

"நார்மத்து, நீ பழைய மாடல்டா. ராத்திரி உன்னையும் சார்ஜ்ல போடச் சொல்லு ஹோசியத்துகிட்ட."

ஹோசியத் என் மனைவி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று கடைசியாகச் சிரித்து முடித்தது நான்தான் என்று நினைக்கிறேன். சோலிஜான் கிளையை வெட்டி எரித்தான். அடுத்த வருஷம் செர்ரி குலுங்கக் காய்த்தது. ஒரு கூடை எனக்கும் அனுப்பி, மேலே ஒரு பழைய சார்ஜர் கம்பியைச் சுற்றிவைத்திருந்தான். அப்படி ஒரு ஆள். அவன் மேல் எனக்குக் கோபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செர்ரி நன்றாகவே இருந்தது.

அதற்குப் பிறகு என் வாசலில் ஆள் நிற்பது குறைந்தது. ஹிக்மத் வாசலில் நின்றார்கள். ஒரு நாள் அந்த எல்ம் மரத்து வீட்டு மருமகள் பிளாஸ்டிக் பையில் ஒரு கிளைத்துண்டோடு வந்தாள். என்னைக் கண்டதும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சலாம் சொல்லிவிட்டு, அடுத்த வாசலுக்குப் போனாள். வலித்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது. அன்று சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைத்தேன். ஹோசியத் மட்டும் கவனித்தாள்.

"விடுங்களேன். நீங்களும் கொஞ்சம் உக்காந்து இளைப்பாறலாம்ல."

கத்தியை எடுத்துத் தீட்ட உட்கார்ந்தேன். நான் சாதாரணமாகவே அதிகம் பேசுகிறவன் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஹிக்மத்தின் முற்றத்தில் ஒரு பெரிய அக்ரூட் மரம், நீங்களும் பார்த்திருப்பீர்கள். இப்போது அடிக்கட்டை மட்டும்தான் இருக்கிறது. அதன் தடித்த கிளை ஒன்று முற்றத்தின் பாதிக்கு நிழல் கொடுக்கும். அந்தக் கிளை அடிமரத்தில் சேரும் இடத்தில், வசந்த காலத்தில், கறுப்பாக இரண்டு மூன்று கட்டிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஹிக்மத் சுவருக்கு மேலே தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டான்.

"உஸ்தா, கொஞ்சம் வர்றீங்களா? இதப் படம் பிடிச்சேன். வெறும் பட்டையில வளர்றது, மரத்துக்குக் கெடுதல் இல்லன்னு போன் சொல்லுது."

"அப்புறம் என்ன?"

"நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லிட்டா எனக்கு நிம்மதி. அந்தக் கிளைக்குக் கீழதான் கட்டில் போடப் போறேன். சந்தேகம்னா சொல்லிடுங்க, இன்னைக்கே ஆளக் கூட்டிட்டு வந்து கிளைய இறக்கிடுறேன்."

பாருங்கள், எவ்வளவு மரியாதையான பையன். போனை வைத்துக்கொண்டும் என்னைத்தான் கேட்டான். அவன் வெறுமனே மரியாதைக்குத்தான் கேட்கிறான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அது தப்பாக இருக்கலாம்.

போனைக் குறை சொல்லக் கூடாது. அது பார்த்தது ஒரு காளானின் போன வருஷத்துப் பிணத்தை. உயிரோடு இருக்கும்போது அந்தக் காளானைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கோடையில் மரத்தைப் பிளந்துகொண்டு வரும். துருப்பிடித்த நிறம், மேலெல்லாம் ரோமம், தொட்டால் ஈரம், சில சமயம் சொட்டுச் சொட்டாக அழும். நாங்கள் பண்ணையில் அதைக் கரடிக்காது என்போம். குளிர்காலம் வந்தால் கரியாகிக் காய்ந்து, ஒவ்வொன்றாகத் தரையில் விழும். அது பட்டையைத் தின்பதில்லை, நெஞ்சைத் தின்னும். வெளியே இலை பச்சைப்பசேல் என்றிருக்கும், காய் காய்க்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பண்ணையில் கரடிக்காது முளைத்த கிளைக்குக் கீழே கழுதையைக்கூடக் கட்டவிடமாட்டோம்.

நான் ஏணியில் ஏறினேன். ஒரு துண்டை ஒடித்து உள்ளங்கையில் நொறுக்கினேன். ஓரத்தில் ரோமம் இன்னும் இருந்தது. மரத்தடியில் அதற்கு முந்தின வருஷத்துக் கரித்துண்டுகளும் கிடந்தன. கத்திப்பிடியால் கிளையைத் தட்டினேன். பழுத்த முலாம்பழம் மாதிரி ஒலித்தது. எல்லாம் செய்து முடித்துக் கீழே இறங்கி, வழக்கம்போல ஒரு கிண்ணம் தேநீர் குடித்தேன். ஹிக்மத் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவர் அப்படிப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

"போன் சரியாத்தான் சொல்லுது தம்பி. பட்டையோட போயிடும். தாராளமா கட்டிலப் போடு."

நான் சொன்னது அவ்வளவுதான். கத்தி கையில் இருந்தது, யாரையும் குத்தவில்லை. அவன் தன் போனை நம்பினான், நான் ஆமோதித்தேன். ஊரில் தினமும் நூறு பேர் எதையாவது ஆமோதிக்கிறார்கள்.

யாரையும் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கிளை முறிய வேண்டும், போன் தப்பு என்று தெரு பார்க்க வேண்டும், பிறகு பழையபடி என்னைக் கூப்பிட வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. ஆளில்லாத நேரத்தில் விழுந்தாலே போதும் என்றுதான் முதலில் இருந்தேன். பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தேன். ஆளில்லாத நேரத்தில் விழுந்தால் என்ன ஆகும். குளிருக்கு விறகாச்சு என்று சோலிஜான் ஒரு ஜோக் அடிப்பான், எல்லோரும் சிரிப்பார்கள், ஹிக்மத் புதுப் போன் வாங்குவான். ஒரு விஷயம் ஊர் மனசில் தங்க வேண்டும் என்றால் அதற்குக் கொஞ்சம் கனம் வேண்டும்.

கட்டில் போட்டான். முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற அகலமான பலகைக் கட்டில், எட்டுப் பேர் சுற்றி உட்காரலாம். கால்மாடு வாசல் பக்கம், தலைமாடு மரத்தின் பக்கம், சரியாக அந்தக் கிளைக்குக் கீழே. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரன் கால்மாட்டில் உட்கார்ந்து தேநீர் ஊற்றுவான். வாசலுக்கு எட்டத்தில் இருக்கிற தலைமாடு, வந்தவர்களில் மூத்தவருக்கு. எங்கள் கூட்டத்தில் மூத்தவன் நான். சோலிஜான் என்னைவிடச் சில மாதம் இளையவன்.

அவன் வீட்டு முறை வந்த முதல் வியாழக்கிழமையே ஹிக்மத் என் கையைப் பிடித்துத் தலைமாட்டுக்கு அழைத்தான். நான் மறுத்துவிட்டேன்.

"எனக்கு எதுக்குப்பா தலைமாடு. இந்த ஓரமே போதும். சோலிஜான், நீ போய் உக்காரு."

"அடேய், நீ இருக்கும்போது நானா?"

"உக்காருடா. நாப்பது வருஷம் பஸ்ஸுல முன்னாடியே உக்காந்தவன், உனக்குத்தான் பழக்கம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே தவழ்ந்து போய் தலைமாட்டில் மெத்தையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்துகொண்டான். என் அடக்கத்தைப் பற்றித் தெரு முழுக்கப் பேச்சு. இந்தக் காலத்தில் தலைமாட்டை விட்டுக்கொடுக்கிற பெரியவர் எங்கே இருக்கிறார் என்று, தொழுகை முடிந்து வரும் வழியில் என் காதுபடவே சொன்னார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, தம்பி. வழக்கம் தேர்ந்தெடுத்தது.

கோடையில் கரடிக்காது மறுபடி முளைத்தது. இந்தத் தடவை உயிரோடு, செந்நிறமாக, ரோமத்தோடு. இப்போது படம் பிடித்தால் போன் சரியான பெயரைச் சொல்லிவிடும். ஹிக்மத் குடும்பத்தோடு மாமனார் ஊருக்குப் போயிருந்த நாளில் ஏணி போட்டு ஏறி அத்தனையையும் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் மண் பூசிவிட்டேன். அவன் திரும்பி வந்ததும் நானே சொன்னேன், பார்க்க அசிங்கமாக இருந்தது, துப்புரவாக்கிவிட்டேன் என்று. அவன் நெகிழ்ந்துபோனான். அன்று மாலையே இரண்டு முலாம்பழம் வந்தது. நல்ல ஜாதி, தேன் மாதிரி இருந்தது.

ஹோசியத்திடம் மட்டும் ஒன்று சொல்லிவைத்தேன். பெண்களும் அவ்வப்போது அந்தக் கட்டிலில் கூடுவார்கள்.

"நீ அங்க போனா கால்மாட்டுலயே உக்காரு."

"ஏன்?"

"தலைமாட்டுல பூச்சி விழும்."

அவள் சரி என்றாள். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை. வேண்டுமானால் அவளைக் கேட்டுப் பாருங்கள், இது எனக்குச் சாட்சி.

அந்தக் கோடை போயிற்று, இன்னொன்றும் வந்தது. மரத்துக்கு அவசரம் கிடையாது, எனக்கும் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த வியாழக்கிழமைகள் சந்தோஷமானவை. ஹிக்மத்தின் கைப்பக்குவம் அருமை. கேரட் குழையாமல், இறைச்சி மென்மையாக, பூண்டு முழுசாக. சோலிஜான் தலைமாட்டில் சாய்ந்துகொண்டு கதை விடுவான். அவன் ஓட்டிய பஸ்ஸில் ஒருத்தன் ஆட்டுக்கு டிக்கெட் எடுக்காமல், அதற்குத் தன் மனைவியின் கோட்டை மாட்டி உட்காரவைத்த கதையை அங்கேதான் சொன்னான். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். நானும் மனசாரச் சிரித்தேன். சிரிக்கும்போது ஒரு கண் மேலே இருக்கும், அவ்வளவுதான்.

அக்ரூட் கிளை புயலில் முறியும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. காற்றே இல்லாத, வெயில் கொளுத்துகிற மதியத்தில்தான் முறியும். காயும் இலையும் கனத்து, இலை அசையாமல் தொங்கும் நேரம். முறிவதற்கு முன்னால் ஒரு சின்னச் சத்தம் வரும். விரலில் சொடக்கு எடுப்பது போல. தெரிந்தவன் காதுக்குத்தான் கேட்கும்.

அன்று சாப்பிட்டு முடித்திருந்தோம். சோலிஜான் என்னைப் பார்த்துக் கிண்டலை ஆரம்பித்திருந்தான்.

"ஹிக்மத், உன் போன் ரெண்டு வருஷத்துல பழசாயிடும்பா. எங்க நார்மத்தப் பாரு, அறுபத்தெட்டு வயசு மாடல், இன்னும் ஓடுது. என்ன, பேட்டரிதான்..."

சொடக்கு கேட்டது. நான் எழுந்தேன்.

"ஹிக்மத், கை பிசுபிசுங்குது. வா, தண்ணி ஊத்து."

கூஜாவோடு அவன் என் பின்னால் வந்தான். கிணற்றடி கொஞ்சம் தள்ளி. அவன் குனிந்து என் கைகளில் தண்ணீர் ஊற்றினான், நான் சோப்பைத் தேய்த்தேன். அவனை அங்கிருந்து கிளப்பியது நான்தான். அவன் உயிரைக் காப்பாற்றியது நான் என்று இதுவரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்கு அவன் உயிரோடு தேவைப்பட்டான் என்பது வேறு விஷயம். ஊர் பார்க்கும்படி தலைகுனிய ஓர் ஆள் வேண்டுமே.

இரண்டாவது சொடக்குக்கும் கிளை விழுந்ததற்கும் நடுவில் கொஞ்சம் நேரம் இருந்தது. ஒரு பெயரைக் கூப்பிடுகிற நேரம். என் கையில் சோப்பு நுரை இருந்தது.

கால்மாட்டில் இருந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. சோலிஜான் பேட்டரி ஜோக்கை முடிக்கவே இல்லை. ஓடிப்போய் முதலில் கிளையைத் தூக்க முயன்றவன் நான்தான், இதை எல்லோரும் சொல்வார்கள். நான் அழுதேன். நடிப்பு இல்லை. ஒரே பெஞ்சில் படித்தவன், அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இறுதித் தொழுகை முடிந்ததும் அவன் பாடையின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கினேன்.

முறிந்த இடத்தைத் தெருவே வந்து பார்த்தது. உள்ளே மரமே இல்லை, ஈரப் பஞ்சு மாதிரி பொடி. ஒவ்வொருவராகக் கையை விட்டுப் பார்த்தார்கள். இதோ, இப்போது என் பக்கம் திரும்புவார்கள், போன் சொன்னது பொய், உஸ்தா என்று கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன்.

திரும்பினார்கள். எப்படித் தெரியுமா. பரிதாபமாக. ஹிக்மத் அழுதுகொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"உஸ்தா மேல யாரும் தப்பு சொல்லாதீங்க. அவர் பாவம், வயசாயிடுச்சு, கண்ணு மங்கிடுச்சு. அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் முட்டாள், போனப் பாத்து ஏமாந்தேன். அவரையும் ஏமாத்திட்டேன்."

அந்தப் பையன் எனக்கு நல்லதுதான் செய்ய நினைத்தான். அடுத்த நாளே மரத்தை அடியோடு வெட்டினான், போனைக் கல்லில் வைத்து உடைத்தான். தெருவும் அவனோடு சேர்ந்துகொண்டது. போனும் ஏமாந்தது, உஸ்தாவும் ஏமாந்தார், விதி அப்படி என்கிறார்கள். இப்போது ஒருவரும் யாரையும் கேட்பதில்லை. சந்தேகம் வந்தால் மரத்தை வெட்டிவிடுகிறார்கள். போன வாரம் ஒரு வீட்டில் பீச் மரத்தை வெட்டினார்கள், வெறும் பிசினுக்காக. நல்ல மரம். நான் வாசலில் நின்று, இது ஒன்றுமில்லை, வெட்டாதீர்கள் என்றேன். வீட்டுக்காரன் என் தோளைத் தொட்டு, "நீங்க போய் நிழல்ல உக்காருங்க பெரியவரே" என்றான். உஸ்தா என்றுகூடச் சொல்லவில்லை.

ஹோசியத் மட்டும் வேறு மாதிரி. அன்று துக்க வீட்டிலிருந்து வந்து, முக்காட்டைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"தலைமாட்டுல பூச்சி விழும்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

அவள் எழுந்து போய்த் தேநீர் கொண்டுவந்தாள். என் கிண்ணத்தில் ஊற்றினாள். பாதியில் நிறுத்தவில்லை. விளிம்பு வரை ஊற்றி, வழிய ஊற்றி, என் முன்னால் வைத்துவிட்டுத் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் எனக்கு அப்படி ஊற்றியதே இல்லை. வயசாகிவிட்டது, அவளுக்கும் கை நடுங்குகிறது என்று நினைக்கிறேன்.

நேற்று ஹிக்மத் வந்திருந்தான். கவலைப்படாதீங்க உஸ்தா, விசாரணை முடிந்துவிட்டது, நம் இரண்டு பேர் மேலும் குற்றம் இல்லை என்றான். நீங்கள் அறிக்கையைப் படித்துக் காட்டினீர்களாம். மரத்தின் உள் அழுகலை யாராலும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது, பார்வையிட்ட முதியவரும் அறியாமல் தவறாகச் சொல்லிவிட்டார் என்று அதில் இருக்கிறதாம். அவன் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். இதோ, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். மேசையில் வைக்கலாமா, கொஞ்சம் கரி ஒட்டும். அன்று ஏணியில் ஏறி நான் ஒடித்த துண்டு. ஓரத்தில் பாருங்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ரோமம் தெரிகிறதா. கரடிக்காது. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு வேண்டுமானாலும் அனுப்பிக் கேளுங்கள், இதே பெயரைத்தான் அவர்கள் பாஷையில் சொல்வார்கள்.

எனக்கு என்ன தண்டனை என்று நான் கேட்கவில்லை. ஹிக்மத்துக்கும் சோலிஜானின் பிள்ளைகளுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு அந்தப் பேச்செல்லாம் வராது. கொன்றான் என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். என்ன தம்பி, கிண்ணத்தை வழிய ஊற்றிவிட்டீர்கள். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என் முன்னால் அடித்துவிடுங்கள். நான் ஏமாறவில்லை. பார்த்த அன்றே எனக்குத் தெரியும்.